நாலு கோழிக்கு ரெடிமேட் கூண்டா, தச்சர் செய்யும் கூண்டா?

கேள்வி: புழக்கடை

நாலு பெட்டைக்கோழி, ஒவ்வொன்றும் ரெண்டு கிலோவை ஒட்டி. சேவல் கிடையாது. பகலெல்லாம் வேலி போட்ட இடத்தில் (12க்கு 10 அடி) மேயும். ராத்திரி அடையவும் முட்டையிடவும்தான் கூண்டு.

ஒன்று, பிரித்து அனுப்பி நாமே பூட்டிக்கொள்ளும் ரெடிமேட் கூண்டு. நீளம் 6 அடி, அகலம் 2 அடி, உயரம் மூன்றரை. "4 முதல் 6 கோழிகளுக்கு" என்று போட்டிருக்கிறது. பக்கவாட்டில் துருத்திக்கொண்டு முட்டைப் பெட்டி, அறைக்கு அடியில் இழுத்துக் கழுவும் தகரத் தட்டு. மற்றொன்று, தச்சரிடம் சொல்லி 4க்கு 4 அடியில் கால் வைத்த பெட்டி. அதில் தரை பலகையா, கம்பி வலையா என்பதும் குழப்பம். எதைப் பார்த்து முடிவு பண்ணுவது?

பதில்: அடைகோழி

அந்த 6 அடியை முதலில் உடைத்துப் பாருங்க. முட்டைப் பெட்டிக்கு 1 அடி போச்சு. வலை போட்ட திறந்த பகுதி இந்த மாதிரி கூண்டுகளில் பெரும்பாலும் 3 அடி. மிச்சம், மூடின அறை 2க்கு 2. வெறும் 4 சதுர அடி. நடுத்தரக் கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடி என்பது பொதுக் கணக்கு. பகல் முழுக்க வெளியே திரிகிறது என்றால் 3 வரை இறங்கலாம். ஆக, விளம்பரத்தில் ஆறு கோழி, அளவுகோலில் ஒன்று. குட்டை ரகமாக இருந்தாலும் ரெண்டுக்கு மேல் தாங்காது. நெருக்கிப் போட்டால் முதலில் ஒன்றின் வால்பக்க இறகை இன்னொன்று கொத்தும். ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும்.

தரையைவிட முக்கியம் உட்காரும் கட்டை. தலைக்கு 8 முதல் 10 அங்குலம் என்றால் நாலுக்கு 40 அங்குலம். 4 அடிப் பெட்டியில் ஒரே கட்டையில் அடங்கிவிடும். 2 அடி அறையில் ரெண்டு கட்டை போடணும், ரெண்டுக்கும் நடுவில் ஒரு அடி, சுவரிலிருந்து ஒரு அடி விடணும். இடம் எங்கே இருக்கு? துடைப்பக்கட்டை மாதிரி உருண்டையாக மெலிசா வேண்டாம். 2 அங்குல அகலப் பட்டை, மேல் விளிம்பு மட்டும் மழுங்கச் சீவினது போதும். கோழி தூங்கும்போது நெஞ்சைத் தாழ்த்தி விரல்மேல் உட்காரும். பாதம் தட்டையாகப் படிந்தால்தான் குளிரில் வயிற்று இறகு விரலை மூடும்.

கட்டை, முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்கணும். கோழி எப்பவும் இருப்பதில் உயரமான இடத்தைப் பார்த்துத்தான் அடையும். ரெண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிடும், காலையில் முட்டையெல்லாம் அழுக்கு. நாலு கோழிக்குப் பெட்டி ஒன்றே போதும், 12 அங்குலச் சதுரம், முன்னால் 4 அங்குலத் தடுப்பு. ரெண்டு வைத்தாலும் ஒன்றின் முன்னால்தான் வரிசையில் நிற்கும், அது வேறு விஷயம்.

பதில்: மேல்காற்று

அளவெல்லாம் சரி. ரெடிமேடில் எனக்குப் பெரிய குறை காற்று. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல், அதுவும் கோழி உட்காரும் மட்டத்திலேயே. காற்று தலைக்கு மேலே போகணும், உடம்பின் மேல் அடிக்கக் கூடாது. கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்க. 4 அடிப் பெட்டியில் முன்னும் பின்னும் கூரைக்குக் கீழே 6 அங்குல உயரத்துக்குப் பலகையே வைக்காமல் வலை அடித்தால் பக்கத்துக்கு 2, மொத்தம் 4 சதுர அடி. கணக்கு முடிந்தது. கட்டையைத் தரையிலிருந்து 20 அங்குலத்தில் வைத்தால், 4 அடி உயரப் பெட்டியில் திறப்பு தலைக்கு மேலேயே நிற்கும்.

மழை, குளிர் என்று இதை அடைக்கத் தோன்றும். அடைக்காதீங்க. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் மூச்சு ஈரமும் வெளியேற வழியில்லாவிட்டால் கண்ணும் மூச்சுக்குழாயும் கெடும். சோதிப்பது சுலபம்: விடியற்காலை கதவைத் திறந்த கையோடு முகத்தைக் கட்டை மட்டத்துக்குக் குனியுங்க. கண் கரித்தால் திறப்பு போதவில்லை, அல்லது படுக்கை (தரையில் பரப்பும் மரச்சீவல்) நனைந்திருக்கிறது. மழைக்குக் கூரையை ஒரு அடி வெளியே நீட்டினால் தீர்ந்தது.

வெறும் தகரக் கூரை வேண்டாம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூடு இறக்கும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். தகரத்துக்குக் கீழே ஒரு அங்குல இடைவெளி விட்டு ஒரு பிளைவுட். குளிர்ந்த ராத்திரியில் தகரத்தின் அடியில் வேர்க்கும் நீரும் நேரே கோழிமேல் சொட்டாது.

பதில்: அரை அங்குலம்

யாரும் வலையைப் பற்றிப் பேசவில்லையே. அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் கடித்து இழுத்தால் கிழியும், எலி கண்ணுக்குள்ளேயே நுழையும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் கேளுங்க. ஸ்டேப்ளர் பின் பிடுங்கிக்கொண்டு வரும். ஸ்க்ரூவும் அகல வாஷரும் போட்டு, 4 அங்குலத்துக்கு ஒன்று.

ரெடிமேடில் வரும் சுழற்றுக் கொண்டியை நம்பாதீங்க. மரம் காய்ந்து ஸ்க்ரூ தளர்ந்தால் அது தானாகவே திரும்பும். தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும். முட்டைப் பெட்டி மூடிக்கும் அதே பூட்டு வேணும், பல பேர் மறப்பது அந்த மூடியைத்தான்.

தரைக்கு வலையே நல்லது. எச்சம் கீழே விழுந்துவிடும், படுக்கை மாற்றும் வேலை இல்லை.

பதில்: அடைகோழி

வலைத் தரையில் ஒத்துப்போக முடியாது. கட்டையிலிருந்து ரெண்டு கிலோ கோழி கம்பிமேல் குதிக்கிறது, தினமும். பாதத்தில் சின்னக் கீறல் விழும், அதில் கிருமி புகுந்து அடிப்பாதம் வீங்கி நடுவில் கறுப்புப் பொருக்கு கட்டும். ஆற ரொம்ப நாள் பிடிக்கும். போதாததுக்கு, ராத்திரி கீழே நின்று விரலைக் கடித்து இழுக்கிற பிராணிக்கு வலைத்தரை வசதி.

பலகைத் தரை, மேலே 3 அங்குலம் மரச்சீவல். மாவு மாதிரி அறுப்புத்தூள் வேண்டாம், தூசி மூச்சுக்கு ஆகாது. கட்டைக்குக் கீழே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு இழுப்புத் தட்டு. ராத்திரி எச்சம் முழுக்க அதில்தான் விழும், தினமும் சுரண்டிவிட்டால் மற்ற சீவல் வாரக்கணக்கில் உலர்ந்தே இருக்கும்.

பதில்: அரை அங்குலம்

தட்டு வைப்பதென்றால் சரி, பலகைக்கே வருகிறேன். ஆனால் தகரத் தட்டு ஓரம் மடிக்காததாக இருந்தால் கை கிழியும், பார்த்து வாங்குங்க.

கேள்வி கேட்டவர்: புழக்கடை

அப்போ 4க்கு 4, பலகைத் தரை. கால் எவ்வளவு உயரம்? தச்சர் பழைய பலகை இருக்கிறது, அதிலேயே முடித்துவிடலாம் என்கிறார்.

பதில்: மேல்காற்று

ஒன்றரை முதல் 2 அடி. அடியில் 6 அங்குலம் மட்டும் விட்டால் அது எலிக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. துடைப்பம் உள்ளே போய் வரணும். ஏணிப்பலகை 45 டிகிரிக்குக் குறைந்த சாய்வில், 5 அங்குலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம். தண்ணீரைக் கூண்டுக்குள் வைக்காதீங்க. கவிழ்த்தால் ராத்திரி முழுக்க ஈரம். காலையில் சீக்கிரம் திறந்துவிட்டால் வெளியே குடித்துக்கொள்ளும்.

பதில்: அடைகோழி

பழைய பலகைக்கு நான் தயங்குவேன். செள்ளு என்கிற பொடிப் பூச்சி பகலில் விரிசலிலும் இணைப்பிலும் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். வேறு கூண்டிலிருந்து கழற்றின பலகையென்றால் கூடவே வரும். கோழியில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கட்டாயம் அதுதான் என்றால், எல்லா விரிசலையும் மக்கு வைத்து அடைத்து உள்பக்கம் பெயிண்ட் அடித்து, வாசம் போன பிறகே கோழியை விடுங்க. கட்டையை மட்டும் ஆணி அடிக்காமல் ரெண்டு பக்கமும் பள்ளம் வெட்டின தாங்கியில் தூக்கி எடுக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்க. செள்ளு முதலில் சேர்வது அந்த முனைகளின் அடியில்தான். ராத்திரி டார்ச்சோடு போய் ஒரு வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடையுங்க. சிவப்பாகக் கோடு விழுந்தால் வந்துவிட்டது. வெயில் காலத்தில் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும், அதனால் ஒரு தடவை மருந்தடித்து விட்டுவிடாமல் ஏழு நாள் கழித்து மறுபடி அடிக்கணும்.