லைப்போசோமல் ஆம்போடெரிசின் ஊசி மருந்து அவசரத் தேவை – நாகர்கோவில்

நாகர்கோவிலில் சிகிச்சையில் இருக்கும் 60 கிலோ எடையுள்ள சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கருப்புப் பூஞ்சை மூக்கிலிருந்து கன்ன எலும்பு வரை பரவியிருக்கிறது. அழுகிய சதையை ஆபரேஷனில் சுரண்டி எடுத்தாயிற்று. ஆனால் பூஞ்சையைக் கொல்லும் இந்த மருந்து இடையில் நின்றால் மிச்சமிருக்கும் பூஞ்சை ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிவிடும்.

கிலோவுக்கு 5 மி.கி. வீதம் நாளொன்றுக்கு 300 மி.கி., அதாவது 50 மி.கி. குப்பி ஆறு வேண்டும். கையிருப்பு நாளை இரவு வரைதான். தக்கலை, மார்த்தாண்டம், திருவனந்தபுரம் மொத்த மருந்துக் கடைகளில் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து இப்போதே கேட்டுச் சொல்லுங்கள்.

அட்டையில் ‘லைப்போசோமல்’ (மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த வகை) என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். சாதா ஆம்போடெரிசின் விலை குறைவு, ஆனால் அதன் அளவே வேறு. அதில் 300 மி.கி. ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. லிப்பிட் காம்ப்ளக்ஸ் என்று வருவது இதே மருந்தின் இன்னொரு வகை; டாக்டர் சொல்லாமல் அதையும் இதற்குப் பதிலாக வாங்க வேண்டாம். பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும்படி போட்டோ அனுப்பினால் டாக்டரிடம் காட்டி உறுதி செய்கிறோம்.

அட்டையில் 2–8 டிகிரி என்று போட்டிருந்தால் ஜெல் பேக் வைத்துக் கொண்டுவர வேண்டும். குப்பி ஐஸைத் தொடாமல் நடுவில் செய்தித்தாளை மடித்து வையுங்கள். உறைந்துவிட்டால் மருந்து வீண். களியக்காவிளை வரை யாராவது கொண்டுவந்தாலும் போதும், அங்கிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வோம். மருத்துவர் சீட்டு தயார். பில் இல்லாத மருந்து மட்டும் வேண்டாம்.