ஒரே மாதத்தில் மூன்று பிறந்தநாள், யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்களுக்கு ஏழு பிள்ளைகள், எல்லோருக்கும் வீட்டில்தான் பாடம். மூத்தவளுக்கு 16 வயது, கடைக்குட்டி இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். அடுத்த மாதம் மூன்று பேருக்குப் பிறந்தநாள், அதுவும் அடுத்தடுத்து.

பிறந்தநாள் காலை ஜெபத்தில் அந்தப் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, மற்றவர்கள் ஒவ்வொருவரும் அவனிடமோ அவளிடமோ பிடித்த ஒரு விஷயத்தைச் சொன்னபிறகு, நாங்கள் இருவரும் தலையில் கைவைத்து ஜெபிப்போம். பைபிளில் நீதிமொழிகள் புத்தகத்துக்கு 31 அதிகாரம் இருப்பதால் பிறந்த தேதிக்குரிய அதிகாரத்தை அந்தப் பிள்ளையே வாசிக்கும். இதை மட்டும் விடவே மாட்டோம்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். அன்று பாடம் உண்டா, இல்லையா? மூன்று நாளும் லீவு விட்டால் மூத்தவள் பரீட்சைக்குப் படிப்பது கெடுகிறது, விடாவிட்டால் சின்னவர்கள் முகம் வாடிவிடுகிறது. சேர்த்து ஒரே நாளில் கொண்டாடிவிடலாம் என்கிறார் அவர், எனக்கு மனசு வரவில்லை. எங்கள் நாலாவது பெண் ரொம்ப அமைதி. அக்காவின் உடுப்பு, அண்ணனின் பாடப்புத்தகம் என்று எல்லாமே கைமாறித்தான் அவளுக்கு வருகிறது. அந்த ஒரு நாளாவது முழுசாக அவளுக்கென்று இருக்க வேண்டும்.

நிறையப் பிள்ளைகள் உள்ள அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்கள், பிறந்தநாளன்று பாடத்தை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? பெரிய செலவில்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று என்ன செய்வீர்கள்? அவளுக்குப் படம் வரைவது என்றால் உயிர்.