மூத்த ஆசிரியர்களும் பதில் அதிபரும்: யோசனை சொல்லுங்கள்

அதிபர் சேர்மார், டீச்சர்மார் எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இந்தத் தவணை முதல் பதில் அதிபராக இருக்கிறேன். நேற்றுவரை கூடவே படிப்பித்தவர்களுக்கு இன்று நான் அதிபர். அதுதான் சிக்கலே.

7.30க்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட வேண்டும்; அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் தாமதம் என்று அர்த்தம். டவுனிலிருந்து சிலர் வரும் பஸ்ஸோ, மழை என்றால் எட்டு மணிக்குத்தான் வந்து சேரும். கோடு போட்டால் முகம் கோணுகிறது. போடாவிட்டால், பக்கத்து லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) நேரத்துக்கு நடந்து வருபவர் "அப்போ நான் மட்டும் ஏன் சேர்?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம். பஸ்ஸில் வருபவர்களுக்கு முதல் பாடவேளை இல்லாமல் நேரசூசி போடலாமா? தரம் 1, 2 பிள்ளைகளைத் தனியே விடவும் முடியாதே. அப்படிப் போட்டவர்கள் இருந்தால் மாதிரி ஒன்றைப் பகிருங்கள்.

மூத்த ஆசிரியர்களின் வகுப்பை மேற்பார்வை செய்யும்போது குறிப்பை உடனே எழுதுவதா, முதலில் பேசுவதா?

அப்புறம் பெற்றோர் கூட்டம். காலையில் வைத்தால் தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு அன்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். மீதியை இழக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கொழுந்து நிறுவை முடிந்து மாலையில் வைத்தால் ஆசிரியர்கள் நிற்க மாட்டார்கள், கடைசி பஸ் போய்விடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தை வைத்து இதைச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள். சுற்றறிக்கை எண் வேண்டாம், நீங்கள் செய்ததே போதும்.