பிபிஏ படித்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, அக்காமாரே, என் தம்பி மகள் பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். மார்த்தாண்டம் பக்கம் வீட்டிலேயே தேன் வியாபாரம். பாட்டிலில் லேபிள் ஒட்டுவதிலிருந்து கடைக்காரரிடம் பாக்கி வசூலிப்பதுவரை அவள்தான் பார்க்கிறாள். அதனால் வணிக நிர்வாகம் சொல்லித்தரும் பிபிஏ பட்டப்படிப்புதான் வேண்டும் என்கிறாள். வீட்டில் பிகாம் போதும் என்கிறார்கள். எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

2024-25 முதல் பிபிஏவும் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டதால் அதைப் பார்த்துத்தான் சேர்ப்போம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்: புராஜெக்டுக்கு உண்மையிலேயே ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறார்களா? தலைமைப் பண்பெல்லாம் பாடத்தோடு சரியா, நாலு பேரை வைத்து வேலை வாங்கிப் பழக வாய்ப்பு கிடைக்குமா? அப்புறம், பஸ்ஸில் போய்வரும் தூரமாக இருந்தால் நல்லது.