பென்சில்வேனியாவில் ராத்திரி இருந்த 7 லட்சம் ஓட்டு முன்னிலை எங்கே போனது?

கேள்வி:
பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தங்கமான மனிதர், என் மகனுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுப்பவர். 2020 அதிபர் தேர்தல் திருடப்பட்டது என்று இன்றைக்கும் நம்புகிறார். “தேர்தல் அன்று ராத்திரி டிரம்ப் ஏறக்குறைய 7 லட்சம் ஓட்டு முன்னால் இருந்தார். சனிக்கிழமை பைடன் ஜெயித்தார் என்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன்” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
தம்பி, 2020-இல் இதே மாநிலத்தில் ஒரு கவுன்ட்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தபால் ஓட்டு உறை பிரிக்கும் வேலைக்குப் போனவள் நான். உங்கள் நண்பர் பார்த்தது பொய்யில்லை. அந்த முன்னிலை இருந்தது. ஆனால் அது எந்த ஓட்டை முதலில் எண்ணினார்கள் என்பதால் வந்தது.

இங்கே சட்டப்படி, தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் ஒரு தபால் உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது. வாரக்கணக்கில் வந்தவை அதுவரை அப்படியே கிடக்கும். வெளி உறையில் கையெழுத்து, தேதி பார்க்க வேண்டும். அதைக் கீறினால் உள்ளே பெயரில்லாத ரகசிய உறை. அவற்றைக் கலந்த பிறகுதான் பிரிப்போம். சீட்டு மடிப்போடு வரும். மடிப்பை எதிர்ப்பக்கம் மடக்கி நீவிவிட்டால்தான் ஸ்கேனரில் சிக்காமல் போகும். ஒவ்வொரு சீட்டுக்கும் இதே வேலை. இரண்டு கட்சிக்காரர்களும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

உள் உறை இல்லாத சீட்டு செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் செப்டம்பரில்தான் தீர்ப்பளித்திருந்தது. அப்படி ஒன்று என் கைக்கு வந்தது. யாருக்குப் போட்டது என்று பார்க்காமல் தனியே எடுத்து வைத்தேன். யாரோ ஒருவர் நம்பி அனுப்பிய ஓட்டு. இன்னும் மனதை உறுத்துகிறது.

மாநிலம் முழுக்க இப்படி 26 லட்சம் சீட்டுகள். தபால் ஓட்டை நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்கில் சொல்லிவந்ததால் அவருடைய ஆட்கள் நேரில் போய்ப் போட்டார்கள். அது அன்றிரவே எண்ணப்பட்டது. தபாலில் முக்கால்வாசி பைடனுக்கு, அது கடைசியில் எண்ணப்பட்டது. முடிவில் பைடன் 80,555 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எனக்கு ஆறாத கோபம் மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் இருக்கும் அரசியல்வாதிகள் மேல்தான். 2019-இல் காரணம் சொல்லாமலே தபாலில் ஓட்டுப் போடும் சட்டத்தைக் டிரம்ப்பின் குடியரசுக் கட்சி கையில் இருந்த சட்டமன்றமும் பைடனின் ஜனநாயகக் கட்சி ஆளுநர் டாம் வுல்ஃபும் சேர்ந்துதான் கொண்டுவந்தார்கள். உறைகளைச் சில நாள் முன்பே பிரிக்க விடுங்கள் என்று கவுன்ட்டிகள் கெஞ்சின. புளோரிடாவில் அப்படித்தான், அன்றிரவே முடிவு தெரிந்துவிடும். இங்கே இரு தரப்பும் வேறு வேறு கோரிக்கைகளை அதோடு முடிச்சுப் போட்டு இழுத்தடித்தார்கள். 2024 தேர்தலும் அதே 7 மணிச் சட்டத்தோடுதான் நடந்தது.

இன்னொருவர்:
அக்கா சொன்னது சரி. ஆனால் 2004 அதிபர் தேர்தலுக்குப் பின், 2005 ஜனவரியில் மாநிலங்களின் ஓட்டுகளை நாடாளுமன்றம் எண்ணியபோது, ஒஹாயோ ஓட்டுகளை ஏற்கக் கூடாது என்று ஆட்சேபித்தது ஜனநாயகக் கட்சியினர்தானே? அதையும் சொல்ல வேண்டும்.

பதில்:
சொல்லத்தான் வேண்டும். செனட்டில் பார்பரா பாக்ஸர் ஒருவர், கீழ்ச்சபையில் 31 பேர். அதுவும் தப்புதான். ஆனால் அவர்கள் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி தேர்தலுக்கு மறுநாளே தோல்வியை ஒத்துக்கொண்டிருந்தார். 2021 ஜனவரி 6 அன்று கும்பல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து வெளியேற்றப்பட்ட பிறகும், எங்கள் மாநில ஓட்டுகளைத் தள்ளுபடி செய்யக் கீழ்ச்சபையில் 138 பேரும் செனட்டில் 7 பேரும் வாக்களித்தார்கள். நான் நீவிவிட்ட சீட்டுகளும் அதில் உண்டு. அன்றிரவு தூக்கமே வரவில்லை. 2022-இல் சட்டம் மாறியது. இப்போது ஆட்சேபிக்கவே ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு ஆதரவு வேண்டும்.

தம்பி, உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். இந்த மாநில முடிவை எதிர்த்து டிரம்ப் தரப்பு போட்ட வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது, குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டெஃபனோஸ் பீபாஸ் டிரம்ப் நியமித்தவர். ஃபிலடெல்பியா எண்ணிக்கை நேர்மையானது என்று நின்ற அந்நகரத் தேர்தல் அதிகாரி அல் ஷ்மிட் குடியரசுக் கட்சிக்காரர். அதற்காக அவருக்கும் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல் வந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. நேற்று மதியச் சாப்பாட்டின்போது பேசினேன். நீதிபதி விஷயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. மடிப்பை நீவும் வேலையைச் சொன்னதும், “ஒவ்வொன்றையுமா?” என்றார். அப்புறம், “முன்னாடியே பிரித்து வைக்க ஏன் விடுவதில்லை?” என்று அவரே கேட்டார்.