மாடல் இவென்ட்டை எங்கே எழுதுவது? கற்றுக்குட்டியின் ஒரே கேள்வி

பழையசட்டை:
நேற்று இங்கே ஒருவர், "லாராவெல் மாடலின் பூட்டட் மெத்தடுக்குள் இவென்ட் எழுதுகிறவர்கள் கற்றுக்குட்டிகள், எல்லாம் அப்சர்வரில்தான் இருக்க வேண்டும்" என்று அருள்வாக்கு சொன்னார். புதியவர்களுக்கு: லாராவெல் ஒரு பிஎச்பி ஃப்ரேம்வொர்க், மாடல் என்பது ஒரு டேபிளுக்கான கிளாஸ், இவென்ட் என்பது அதன் ஒரு வரிசை (ரோ) சேரும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் கோட். அதை மாடலுக்குள்ளேயே எழுதும் இடம் பூட்டட், வெளியே எழுதும் தனி கிளாஸ் அப்சர்வர். பிஎச்பியில் 14 வருடம் குப்பை கொட்டிய கற்றுக்குட்டி கேட்கிறேன். 'வேர்' (where) நிபந்தனை போட்டுப் பல வரிசைகளை ஒரே அடியில் அப்டேட் செய்தால் உங்கள் அப்சர்வர் ஓடுமா?

மாடிப்படி:
சொன்னது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே அண்ணே. எங்கள் ஆர்டர் மாடல் 900 வரி. ஸ்டாக் குறைப்பது, மெயில், எஸ்எம்எஸ் எல்லாம் பூட்டட்டுக்குள் குளோஷராக (பெயரில்லா ஃபங்ஷனாக) கிடந்தன. அப்சர்வருக்கு மாற்றிய பிறகுதான் மூச்சு வந்தது.

பழையசட்டை:
குப்பையை அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டு வீடு சுத்தம் என்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் இல்லை. அப்டேட்டில் ஓடுமா, ஓடாதா?

மாடிப்படி:
ஓடாது. அங்கே மாடலை எடுப்பதே இல்லை, கியூரி நேராக டேட்டாபேஸுக்குப் போகிறது. உங்கள் பூட்டட் குளோஷரும் அங்கே ஓடாதே! வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக எடுத்து சேவ் செய்யுங்கள்.

பழையசட்டை:
50,000 வரிசைக்கும் லூப்பா? நல்லது தம்பி. "ஓடாது" என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. என் குளோஷர் மாடலைத் திறந்ததும் கண்ணில் படும். உங்களுடையது ஆப் தொடங்கும்போது ஓடும் சர்வீஸ் புரொவைடரில் எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டு நாள் தேடுவான்.

இஞ்சிடீ:
மாடலின் தலையிலேயே அப்சர்வ்டுபை ஆட்ரிபியூட் (இந்த மாடலுக்கு இந்த அப்சர்வர் என்று சொல்லும் குறிப்பு) போடலாமே. லாராவெல் 10-இலேயே வந்துவிட்டது.

பழையசட்டை:
என் கிளையன்ட் சர்வரில் பிஎச்பி 7.4. அங்கே ஆட்ரிபியூட் வெறும் கமென்ட். சரி, அதைப் போட்டால் அப்டேட்டில் ஓடுமா?

தமிழ்ச்சுடர்:
இவென்ட், இவென்ட் என்கிறீர்களே, "நிகழ்வு" என்று எழுதினால் கை வலிக்குமா?

பழையசட்டை:
நிகழ்வு என்றால் எனக்கு வளைகாப்புதான் ஞாபகம் வருகிறது.

தமிழ்ச்சுடர்:
"வரிசை" மட்டும் எழுத வருகிறதோ?

இஞ்சிடீ:
நிஜமான வம்பு டிரான்சாக்ஷனில், அதாவது பல மாற்றங்களை ஒரே கட்டாகச் செய்யும்போது. அந்தக் கட்டை உறுதி செய்வது கமிட், மொத்தமாகத் திரும்பப் பெறுவது ரோல்பேக். கிரியேட்டட் இவென்ட் கமிட் ஆகும் முன்பே ஓடிவிடும். அதில் மெயில் அனுப்பி, பின்னால் ரோல்பேக் ஆனால், இல்லாத ஆர்டருக்கு "நன்றி" போய்ச் சேரும். அப்சர்வரில் ஆஃப்டர்கமிட் என்று சொல்லிவிட்டால் கமிட்டுக்குப் பிறகே ஓடும்.

மாடிப்படி:
கேட்டீர்களா? அப்சர்வரில்!

பழையசட்டை:
கமிட்டுக்குப் பிறகு ஓடுவது இருக்கட்டும். அப்டேட்டில்? போன மாதம் ரெபாசிட்டரி பேட்டர்ன் (டேட்டாபேஸ் வேலையைத் தனி கிளாஸில் ஒதுக்கும் முறை) இல்லாமல் சோறு இறங்காது என்றவர்தானே நீங்கள்? அந்த ரெபாசிட்டரி இப்போது எங்கே?

மாடிப்படி:
அதை ஏன் இழுக்கிறீர்கள்? கோட்இக்னைட்டர் என்ற இன்னொரு பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில், பக்கத்தைக் காட்டும் வியூவுக்குள்ளேயே எஸ்கியூஎல் எழுதியதாகப் பெருமையடித்தவர் நீங்கள்.

இஞ்சிடீ:
இரண்டு பேரும் ஆளுக்கொரு டெஸ்ட்டாவது எழுதியிருக்கிறீர்களா?

பழையசட்டை:
குறுக்கே வராதீர்கள். தம்பி, அந்த கோட்இக்னைட்டர் வேலை 2012-இல் முடித்தது. இன்றும் ஓடுகிறது. உங்கள் அப்சர்வர் அப்டேட்டில் ஓடவில்லை.

தமிழ்ச்சுடர்:
"ஓடுகிறது" அல்ல, "இயங்குகிறது".