ஆல்பம் வேலைக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன், எந்த கம்பெனி மதர்போர்டை நம்பி வாங்கலாம்?

திருவல்லிக்கேணி ஆல்பம்:

வணக்கம். கல்யாண ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங் இரண்டையும் வீட்டில் இருந்தே செய்கிறேன். வீடு பார்த்தசாரதி கோயில் பக்கம், பீச்சுக்கு நடந்தே போய்விடலாம். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பலமாக இடி இடித்தது. மறுநாள் லேன் போர்ட் (இன்டர்நெட் ஒயர் சொருகும் இடம்) வேலை செய்யவில்லை. வைஃபை டாங்கிள் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குப் பிறகு பின்பக்க யூஎஸ்பி ஒவ்வொன்றாகப் போனது. இப்போது பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டு போய்விட்டது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

புதிதாக வாங்க, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தேன். ஐ7 14700 ப்ராசஸர், எச்610 போர்டு, 32 ஜிபி ரேம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஏசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஆஸ்ராக் நான்கும் இருக்கிறது, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். சித்தி பையன் ஆஸ்ராக் வேண்டவே வேண்டாம் என்கிறான். வைகாசி முகூர்த்த வேலைகள் ஆரம்பிப்பதற்குள் மெஷின் தயாராக வேண்டும். எதை எடுக்கட்டும்?

குரோம்பேட்டை கேமர்:

அக்கா, ஏசுஸ் எடுங்கள். என்னுடையது 2017ல் வாங்கியது, ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம், எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். 18 சதவீதம் மிச்சம் என்று பில் இல்லாமல் கொடுக்க வருவார்கள். வாரண்டி என்று போய் நிற்கும்போது அந்தப் பில்லைத்தான் கேட்பார்கள்.

போர்டு சர்வீஸ்:

வணக்கம் மேடம். நான் சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவன், கடை ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில். என் மேஜைக்கு எல்லா கம்பெனி போர்டும் வருகிறது. எது அதிகம் விற்கிறதோ அதுதான் ரிப்பேருக்கும் அதிகம் வரும். அதை வைத்து ஒரு கம்பெனியை மோசம் என்று சொன்னால் நியாயமாகாது. ஆஸ்ராக் 2002ல் ஏசுஸிலிருந்து கிளைத்து வந்த கம்பெனி. ஆரம்பத்தில் மலிவு போர்டுகளாகப் போட்டார்கள், அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. இன்று அவர்களிடமும் நல்ல போர்டு இருக்கிறது, மற்ற மூவரிடமும் சுமாரான போர்டு இருக்கிறது. 2000த்தை ஒட்டிய வருஷங்களில் கெபாசிட்டர் உப்பி வெடிக்கிற வியாதி வந்ததே, அப்போது பெரிய பெயர்களும் தப்பவில்லை.

உங்கள் சீட்டில் எனக்கு உறுத்துவது 14700ஐ, விலை குறைந்த அடிமட்ட வகையான எச்610 போர்டில் போடச் சொல்லியிருப்பது. அந்த ப்ராசஸருக்கு 65 வாட் என்று சொல்வார்கள். முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கும். எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) தரும் 12 வோல்ட்டை ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கி ப்ராசஸருக்குக் கொடுப்பது சாக்கெட்டைச் (ப்ராசஸர் உட்காரும் இடம்) சுற்றியுள்ள விஆர்எம் என்ற பகுதி. கணக்குப் போட்டால் 150 ஆம்பியருக்கு மேல் அதிலுள்ள மாஸ்ஃபெட் என்ற சின்ன மின் ஸ்விட்ச்கள் வழியாகப் போக வேண்டும். விலை குறைந்த எச்610 போர்டுகள் பலவற்றில் அவற்றின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி) கூட இருக்காது. விரல் வைத்தால் சுட்டுவிடும். சூடு எல்லை தாண்டியதும் போர்டே ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் ரொம்ப மெதுவாகத்தான் நகரும். ஐ7க்குக் கொடுத்த காசு வீண். இதை எந்தப் பெயர் போட்ட எச்610லும் பார்க்கலாம்.

ஆகவே அதற்கு மேல்படியான பி760 போர்டு கேளுங்கள். கேட்பதோடு விடாமல் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டுக்கு இடது பக்கமும் மேல் பக்கமும் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இருக்க வேண்டும். ரேம் ஸ்லாட் நான்கு இருந்தால் நல்லது, எச்610ல் இரண்டுதான். எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி சொருகும் இடம்) இரண்டாவது வேண்டும், ஒன்று விண்டோஸுக்கு, ஒன்று வேலைக்கு.

அடுத்தது பயாஸ், அதாவது போர்டைத் துவக்கி வைக்கும் உள்மென்பொருள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அதிக வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் கெட்டுப்போகிற பிரச்சினை 2024ல் பெரிதாக வெடித்தது. 14700ம் அந்தப் பட்டியலில் உண்டு. இன்டெல் வாரண்டியை இரண்டு வருஷம் கூட்டியது, திருத்தத்தை மைக்ரோகோடாக (ப்ராசஸருக்குள் ஏற்றும் சின்ன நிரல்) கொடுத்தது. அந்தத் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் போர்டுக்குள் வரும். கடையில் பழைய ஸ்டாக் போர்டு கொடுத்தால் பயாஸும் பழசாக இருக்கும். உங்கள் கண் முன்னால் அப்டேட் செய்யச் சொல்லிவிட்டுப் பிறகு விண்டோஸ் போடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், வெளிவந்து இரண்டு மூன்று வருஷம் ஆன மாடலுக்கும் இன்னும் பயாஸ் போடுகிறார்களா என்று கம்பெனி வெப்சைட்டில் பார்ப்பதுதான் நம்பகத்தன்மைக்குச் சரியான பரீட்சை.

வாரண்டி பெரும்பாலும் 3 வருஷம். ஆனால் சாக்கெட் பின் ஒன்று வளைந்திருந்தாலும், போர்ட் ஓரத்தில் பச்சை பூத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ப்ராசஸரை வைப்பதற்கு முன் சாக்கெட்டை ஃபோனில் கிட்டே வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் வாரண்டிக்குப் போர்டை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. லேன் முதலில், யூஎஸ்பி பிறகு என்று நீங்கள் சொல்கிற வரிசையைப் பார்த்தால் போர்டின் தரத்தைவிட வீட்டு எர்த் மேல்தான் எனக்குச் சந்தேகம். கேபினட்டைத் தொட்டால் ஏதாவது தெரிகிறதா?

திருவல்லிக்கேணி ஆல்பம்:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி சார். ஆமாம், கேபினட் ஸ்க்ரூவில் விரல் பட்டால் விர்ரென்று இருக்கும். வீடு ரொம்பப் பழசு. ப்ளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கிறது, எர்த் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அம்பத்தூர் எலக்ட்ரீஷியன்:

விர்ரென்று இருந்தால் எர்த் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபில்டர் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாதபோது அவை வழியாகக் கேபினட் தகரத்தில் 230ல் பாதி, சுமார் 115 வோல்ட் மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைவு, அதனால் சுருக்கென்று மட்டும் தெரிகிறது. ஆனால் பிரின்டரையோ டிவியையோ கேபிள் போட்டு மாட்டும்போது அந்த வோல்டேஜ் போர்ட் வழியாக இறங்கப் பார்க்கும்.

லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 அளவுக்கு வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சிலர் வேலையைச் சுருக்க ப்ளக்கிலேயே நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து லூப் போட்டுவிடுவார்கள். அதைச் செய்ய விடாதீர்கள், நியூட்ரல் அறுந்தால் கேபினட்டில் முழு 230 நிற்கும். தனி எர்த் பிட்டிலிருந்து (மண்ணில் தோண்டிப் போடும் எர்த் குழி) ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.

போர்டு சர்வீஸ்:

அண்ணன் சொன்னதை முதலில் முடியுங்கள் மேடம், அதன் பிறகு புது போர்டுக்குக் கரண்ட் கொடுக்கலாம். இன்டர்நெட் கம்பத்திலிருந்து செம்பு ஒயரில் வந்தால் ஃபைபருக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடி இழை கரண்ட்டைக் கடத்தாது. இடி இடிக்கும்போது பவர் ப்ளக்கோடு லேன் ஒயரையும் பிடுங்கி வையுங்கள்.

பீச் பக்கம் என்பதால், வேலை குறைவான மாதங்களிலும் தினமும் கொஞ்ச நேரம் மெஷினை ஓட விடுங்கள். உள்ளே சூடு இருந்தால் ஈரம் படியாது.

பட்ஜெட் இடித்தால் ப்ராசஸரை ஐ5 14400க்கு இறக்குங்கள், போர்டை இறக்க வேண்டாம். அந்த ப்ராசஸர் உச்சத்தில் 148 வாட்தான். கடைசியில் எஃப் எழுத்து உள்ள மாடல் வேண்டாம், அதில் உள்கிராஃபிக்ஸ் இல்லை, வீடியோ வேலைக்கு உள்கிராஃபிக்ஸ் நன்றாக உதவும். பழைய போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் ப்ராசஸரும் ரேமும் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, கொண்டு வந்தால் சோதித்துச் சொல்கிறேன்.

திருவல்லிக்கேணி ஆல்பம்:

எலக்ட்ரீஷியனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போய் பி760ல் என்னென்ன மாடல் இருக்கிறது என்று பார்த்து, ஹீட்சிங்க் படத்தோடு இங்கே போடுகிறேன். பார்த்துச் சொல்லுங்கள், பிறகு பணம் கட்டுகிறேன்.